பட்டிப்பொங்கலுக்கு மறுநாள் துரை எழும்பவில்லை

தம்பி,

நீ கேட்ட லிஸ்டை எழுதத்தான் குசினி மேசையில் உட்கார்ந்தேன். "அப்பா, புதுசா வாங்கிற லாமாவுக்கு நோய், வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு எப்பிடிப் பாக்கிறது, நீங்கள்தான் எழுதித் தரோணும். எல்லாத்திலயும் பிழை கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள்தானே" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். அதைப் பாராட்டாகச் சொன்னாயா, பகிடியாகச் சொன்னாயா என்று பென்டில் ஹில்லில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே கார் ஓட்டினேன். என் குணம் உனக்குத் தெரியும். ஒருவர் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டால்கூட இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று யோசிப்பவன் நான். செவன் ஹில்ஸில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதகனாக நின்றேன். மூடி சரியாக இறுகாத போத்தலுக்கும் லேபல் கோணிய பெட்டிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டியே கண் பழகிவிட்டது. வேலையை விட்டு வந்தபோது அந்தக் கண்ணை அங்கேயே விட்டுவிட்டு வரத் தெரியவில்லை. "இந்த மனுசன் கலியாண வீட்டிலயும் சாம்பாரை மணந்து பாத்துத்தான் ஊத்துவார்" என்று உன் அம்மா இருந்த காலத்தில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

சனிக்கிழமை நீ யாரோ ஒரு விளம்பரக்காரனிடம் இரண்டு லாமா எடுக்கப் போகிறாய். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும். நீ கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது. கடைசியில் நீ கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் எழுதினால் என் கையெழுத்துக்கே மதிப்பில்லை. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் அடிக்காதே. முழுவதும் வாசி.

முதலில், கிட்டப் போகாதே. வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார். லாமா தன் வருத்தத்தை மறைக்கும் மிருகம். இனி முடியாது என்ற நிலை வரும்வரை ஒன்றும் இல்லாததுபோல நிற்கும். ஆள் கிட்டப் போனால் கழுத்தை நிமிர்த்திக் காதைத் தூக்கி நல்ல பிள்ளையாகிவிடும். ஆகவே அது உன்னைக் காணுமுன் நீ அதைக் காண வேண்டும். கூட்டத்தை விட்டுத் தனியே நிற்பது எது, மற்றவை புல்லுக்கு ஓடும்போது பின்தங்குவது எது, எல்லாம் படுத்து அசைபோடும்போது வாயை ஆட்டாமல் இருப்பது எது என்று பார். கால்களை மடித்து வயிற்றுக்குக் கீழே வைத்துப் படுத்தால் அது ஓய்வு. பக்கவாட்டில் சரிந்து கழுத்தை நிலத்தில் நீட்டிக்கொண்டு நெடுநேரம் கிடந்தால் அது ஓய்வு இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டால் எங்கோ நோகிறது என்று அர்த்தம். விற்பவன் "அது அவன்ர பழக்கம்" என்று சொல்லுவான். நம்பாதே.

அதற்குப் பிறகு கையை வை. அந்த உரோமம் பெரிய பொய்க்காரன். எலும்பும் தோலுமாக இருப்பதையும் கொழுத்த மாப்பிள்ளைபோலக் காட்டும். உரோமத்துக்குள் விரலை விட்டு முதுகெலும்பைத் தடவு. கூரை முகடுபோலக் கூராக இருந்தால் அது சாப்பாடு பிடிக்காமல் இருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ அதைத் தின்கிறது. கீழ்க் கண்ணிமையை மெல்ல இழுத்துப் பார். உட்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போயிருந்தால் இரத்தம் குடிக்கும் குடற்புழு. கோடையில் மழை பெய்த பின் நம் பக்கத்துப் புல்வெளிகளில் அது பொல்லாதது. உதட்டைத் தூக்கிக் கீழ் முன்பற்கள் மேல் ஈறில் சரியாகப் பொருந்துகின்றனவா, கால் நகம் வளைந்து வளர்ந்திருக்கிறதா என்று பார். அவை எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் புழுக்கை போடும் ஒழுங்கான பிராணிகள். அந்தக் குவியலைப் பார்க்க வெட்கப்படாதே, விற்பவனின் வாயைவிட அது உண்மை பேசும். உருண்டை உருண்டையாக இருந்தால் நல்லது. குழைந்து ஓடினால் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. குடற்புழு மருந்து கடைசியாக எப்போது, எது கொடுத்தது என்று எழுத்தில் கேள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் சில கிழமைக்கு வேறு வேலிக்குள் விடு, ஆனால் இப்போது இருக்கும் நம் லாமா துரையை அவை பார்க்கும்படி விடு. தனியே விட்டால் அதுவே ஒரு நோயாகிவிடும். வெயில் ஏறும் நாளில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் முதுகில் தண்ணீர் ஊற்றாதே, வயிற்றுப் பக்கமும் காலும் நனையட்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டாய். இதில் பாதியை எனக்குச் சொன்னவர் கெவின். ஓம், அதே கெவின்தான்.

புதுவருடம் பிறந்த கையோடு அவரிடம் துரையை எடுக்கப் போனது நினைவிருக்கும். உன் பத்து ஆட்டையும் நரி தூக்காமல் காவல் காக்க ஒரு லாமா வேண்டும் என்றாய். டியூக் என்று அவர் வைத்திருந்த பெயரை மருமகள் காவ்யா வாசலிலேயே துரை ஆக்கினாள். அந்த மனிதர் ஒரு மணித்தியாலம் நின்று எல்லாம் காட்டினார். கண்ணிமையை இழுத்துக் காட்டினார், என் கையைப் பிடித்து முதுகெலும்பில் வைத்தார். தனியாக விடக் கூடாது, ஆறு மாதத்துக்குள் இன்னொன்றாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் என்ன செய்தேன்? இவன் இன்னொன்று விற்கப் பார்க்கிறான் என்று உன் காதில் சொன்னேன். மருந்து கொடுத்த கணக்கை எழுதிய கொப்பியைத் தந்தபோது பார்த்தேன், எல்லாம் ஒரே பேனாவில் இருந்தது. "ஒரே நாளில இருந்து எழுதினது" என்றேன். அவருடைய கொட்டிலில் ஆணியில் நூல் கட்டி ஒரு பேனா தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானும் பார்த்தேன்தான், கணக்கில் எடுக்கவில்லை. புறப்படும்போது அரை மூடை தீவனக் கட்டியை நம் காரில் ஏற்றினார். சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் வயிறு தாங்காது, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள் என்றார். விற்கிறவன் சும்மா ஏன் சாப்பாடு தருகிறான் என்று வீடு வரும்வரை அரித்தெடுத்தேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அப்பா, ப்ளீஸ். ஹி இஸ் ஜஸ்ட் பீயிங் நைஸ்" என்றாய்.

இனிப் பட்டிப்பொங்கலுக்கு வருகிறேன். அம்மா போன பிறகு வந்த மூன்றாவது தைப்பொங்கல் அது. முதல் இரண்டுக்கும் கோயிலில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு இருந்தோம். இந்த முறை உன் புது வளவில் நானே பொங்குகிறேன் என்று ரோசத்தோடு சொல்லி, அம்மாவின் பானையைக் கொண்டு வந்தேன். உனக்குத் தெரியும் எப்படி வந்தது என்று. அடி பிடித்து, மேலே தண்ணீர் நின்று, சர்க்கரை ஒரு பக்கம் கட்டியாக. நீ இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு "நல்லாயிருக்கப்பா" என்றாய். நீ பொய் சொல்லும்போது இடது கையால் காதைத் தொடுவாய், சின்ன வயதிலிருந்தே. காவ்யா மட்டும் ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள். மாமனைக் குளிர்விக்கச் சாப்பிடுகிறாள் என்று அதையும் சந்தேகப்பட்டேன். அடுத்த நாள் காலை நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டீர்கள். பிரிட்ஜைத் திறந்தால் முக்கால் பானை அப்படியே இருக்கிறது. அம்மாவின் பானையில் பொங்கிய புக்கையைக் குப்பைக்குள் கொட்ட எனக்கு மனம் வரவில்லை, தம்பி. அன்று பட்டிப்பொங்கல். ஊரில் மாட்டுக்குக் கொடுப்போம். இங்கே மாடு இல்லை, துரை இருக்கிறான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை.

நெற்றியில் குங்குமம் வைக்கப் போனேன், துப்பினான். சரி என்று வாளியில் புக்கையைப் போட்டு நீட்டினேன். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்த வளவில் எனக்கு அடுத்தபடியாக யாரையும் நம்பாதவன் துரைதான். அது எனக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் கோபம்தான் வந்தது. உங்களுக்கும் பிடிக்கவில்லை, இவனுக்கும் பிடிக்கவில்லையா? கெவின் தந்த தீவனக் கட்டியை நாலைந்து கை அள்ளிப் போட்டு, இரண்டு வாழைப்பழமும் பிசைந்து, நன்றாகக் கலந்து வைத்தேன். பழகிய மணம் வந்ததும் தலையை விட்டான். வாளி அடி தெரியும்வரை நான் பக்கத்தில் நின்று பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

மறுநாள் காலை துரை எழும்பவில்லை. ஆடுகள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எழும்ப முயன்று, திரும்பப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் முனகினான். குவியல் தண்ணீராக இருந்தது. எனக்கு அப்போதே தெரியும். மத்தியானம் மிருக வைத்தியர் வந்தார், அந்த இளம் பெண். கண்ணிமை பார்த்தார், சிவப்பாக இருந்தது. புழு இல்லை, வெயிலும் இல்லை என்றார். "வழக்கத்துக்கு மாறாக ஏதாவது சாப்பிட்டானா? தானியம், பாண், ரொட்டி, தோட்டத்துச் செடி ஏதாவது?" என்று கேட்டார். நீ இல்லை என்றாய். உனக்குத் தெரியாது, நீ உண்மைதான் சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, விற்றவன் தந்த மூடையைப் பாருங்கள், அது பழுதான மூடை என்றேன். துரை என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு சொல் சொன்னால் அவன் பிழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்தும் அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அது மட்டும்தான் காரணம்.

அப்போது காவ்யா, "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று அவரைத் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லுகிறாள் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் பாதியாவது சரியாக வந்த சந்தேகம் அது. திரும்பி வந்த வைத்தியர் வேறு கேள்வி கேட்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை எடுத்தார், மருந்து செலுத்தினார். புளித்த சர்க்கரை மணம் வந்தது. சத்துக் கூடிய ஏதோ உள்ளே போய்ப் புளித்திருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் தப்பியிருக்க மாட்டான் என்றார். உனக்கு அது போதும். மூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கெவினின் வாசல் கேற்றடியில் எறிந்துவிட்டு வந்தாய். லாமா வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் அவருடைய பெயரைப் போட்டு, பழுதான தீவனம் கொடுத்து ஏமாற்றுகிறார் என்று எழுதினாய். அதை எனக்கு வாசித்தும் காட்டினாய். நான் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தேன்.

இது எனக்குப் புதிது இல்லை என்பதையும் நீ தெரிந்துகொள். உனக்குப் பதினாறு வயதில் அம்மா காரில் சிகரெட் லைட்டர் கண்டெடுத்தாள். நான் உன்னைப் பார்த்தேன். அவளும் உன்னைப் பார்த்தாள். நீ அழுது அழுது இல்லை என்றாய். அந்த வருடம் பள்ளிக்கூட முகாமுக்கு உன்னை விடவில்லை. லைட்டர் என்னுடையது. வேலை முடிந்து வரும் வழியில் ஒன்று பற்றவைப்பேன், அம்மாவுக்குத் தெரியாது. பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன், ஆனால் சொல்லவில்லை. அவள் போகும்வரை சொல்லவில்லை. பிறத்தியாரில் பிழை தேடிக்கொண்டே இருப்பவனை யாரும் திரும்பிச் சோதிப்பதில்லை. அது எவ்வளவு வசதியான இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

காவ்யாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ அவளைக் கட்டப் போகிறேன் என்றபோது கோயம்புத்தூரில் ஆள் பிடித்து விசாரித்தேன். குடும்பத்தில் ஏதும் பரம்பரை வருத்தம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டேன். அவளுக்கு அது தெரிந்தும் ஒரு நாளும் முகம் கோணவில்லை. அதனால் இன்னும் சந்தேகப்பட்டேன். இப்போது இரண்டு கிழமையாக நீ அவளோடு சரியாகப் பேசுவதில்லை. புது லாமாவைக் கெவினிடமே எடுப்போம் என்று அவள் சொன்னதும், "வை ஆர் யு டிஃபென்டிங் ஹிம்?" என்று நீ சத்தம் போட்டது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. அவள் காரணம் சொல்லாமல் நின்றாள். அவளுக்கும் அந்தக் கிழவருக்கும் ஏதாவது பேச்சுவார்த்தை இருக்குமோ என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ லிஸ்ட் கேட்டுவிட்டு ஆட்டுக் கொட்டிலுக்குப் போன பிறகு குசினிக்குள் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "மாமா, லிஸ்ட்ல எல்லாத்தையும் எழுதிடுங்க. பொங்கலையும்" என்றாள்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "பிள்ளை, உமக்கெப்பிடித் தெரியும்?"

"மாட்டுப்பொங்கல் அன்னைக்கு சாயங்காலம் வாளிய கழுவினது நான்தானே. அடியில அரிசியும் திராட்சையும் ஒட்டிட்டு இருந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன். அதனாலதான் ட்யூப் போட்டாங்க."

"அவனிட்டச் சொல்லேல்லையோ?"

"இல்ல மாமா. அது நீங்க சொல்ல வேண்டியது. நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசமா காத்துட்டு இருக்கேன்." பிறகு குழாயை மூடிவிட்டு, "பொங்கல் நல்லாத்தான் இருந்துச்சு. பாவம், துரைக்குத்தான் ஒத்துக்கல" என்றாள். அப்போதும் இவள் பகிடி பண்ணுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பி, உன் மனைவி உன்னிடம் மறைத்தது இது ஒன்றுதான். உன் தகப்பனின் மானத்தை அவள் பொத்தி வைத்திருந்தாள். அதற்கு நீ கொடுத்தது இரண்டு கிழமைக் கோபம்.

நேற்றுக் காலை கெவினுக்குப் போன் எடுத்தேன். பெயரைச் சொன்னதும் வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, "டியூக் எப்படி இருக்கிறான்? அசைபோடுகிறானா?" என்றுதான். புக்கை, வாழைப்பழம், வாளி, மூடை, குழுவில் எழுதியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "இந்தத் தீவனக் கட்டி கலந்தால் வாளியில் எதைப் போட்டாலும் அவன் தின்பான். அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையதும்தான்" என்றார். இவ்வளவு காலமும் எல்லோரையும் சோதித்த நான், தன் பக்கம் இல்லாத பிழையையும் எடுத்துக்கொள்ளும் ஒருவரைக் கண்டதும் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு, புது லாமாவை அவரிடமே பார்க்க, நான் கெவினின் கேற்றடியில் நிற்பேன். நீ வருவாயோ மாட்டாயோ, வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இதை வாசித்து முடித்ததும் முதலில் காவ்யாவிடம் போ. பிறகு குழுவில் எழுதியதை எடுத்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுது. என் பெயரைப் போட்டே எழுது. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

நீ கேட்ட லிஸ்டில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. இனி அந்த வளவில் எந்த மிருகம் சோர்ந்து படுத்தாலும் கண்ணிமையைப் பிறகு பார், முதுகெலும்பைப் பிறகு தடவு. வைத்தியருக்குப் போன் எடுக்கும் முன் எனக்கு எடுத்து, "அப்பா, என்ன குடுத்தனீங்கள்?" என்று கேள். நான் சொல்லுவேன்.

அப்பா